முக்கால் மூக்கு

புகைப்படத்தை இப்போது யாரும் நம்புவதில்லை. பெண்ணோ பிள்ளையோ, பெற்றவர் கையால் பென்சிலில் வரைந்து அனுப்பினால்தான் கல்யாணப் பேச்சே தொடங்கும். அதனால் விருதுநகர் மிளகாய் வத்தல் மண்டி ராஜகனி, ஐம்பத்தெட்டு வயதில், மகள் வான்மதியிடம் படம் போடப் படித்துக்கொண்டிருந்தார்.

முகத்துக்கு முட்டை வடிவம் போட வந்துவிட்டது. கண் இருப்பது தலையின் சரிபாதியில் என்பதையும், ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தபிறகு ஒத்துக்கொண்டார். மூக்கில்தான் வம்பு.

“இது என் மூக்கு இல்லப்பா. பாதிதான் இருக்கு.”

“வத்தலுக்குக் காம்பு கழிக்கிறதில்லையா? அது மாதிரித்தான்.”

“போன தடவை போட்டோவை நம்பி வந்தவங்க நேர்ல பாத்துட்டுத்தானே வேண்டாம்னு போனாங்க? எனக்கு இப்ப வந்திருக்கிற இந்த இடம் பிடிச்சிருக்குப்பா. மாப்பிள்ளையோட அம்மா அவரோட வழுக்கையை அப்படியே வரைஞ்சு அனுப்பியிருக்காங்க.”

“வியாபாரம் தெரியாத பொம்பளை,” என்றார் ராஜகனி. சற்று யோசித்தார். “சரி, முக்கால் மூக்கு. அதுக்கு மேல கட்டுப்படியாகாது.”

“முழுசாப் போடுங்க. என்னைப் பாத்துப் போடுங்க.”

ரப்பரால் அழித்துவிட்டு, மகள் முகத்தைப் பார்த்துப் பார்த்து அரைமணி நேரம் வரைந்தார். அச்சு அசலாக வந்துவிட்டது. மனைவி செல்வக்கனி எட்டிப் பார்த்தாள்.

“அப்படியே உங்க மூக்கு. இத்தனை நாளா சொந்தச் சரக்கையா மட்டம்னு சொல்லிட்டிருந்தீங்க?”

ராஜகனி தன் மூக்கை ஒருதரம் தடவிப் பார்த்தார்.

“இனி ஒரே விலைதான்,” என்று படத்தின் கீழே கையெழுத்துப் போட்டார்.