களிமண் எதிரணி

"நாலு பேரும் சேர்ந்து என் புருஷனை மண்ணைக் கவ்வ வைக்கணும். ஒரு ஆட்டத்துலகூட அவர் தப்பிக்கக் கூடாது," என்றாள் பெய் சீமாட்டி.

குயவன் துவானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் புருஷன் இறந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. அவருடைய சமாதியில் வைக்கத்தான் அவன் போலோ வீரர்களைக் களிமண்ணில் செய்துகொண்டிருந்தான். அவர் அணிக்கு மூன்று பேர், எதிரணிக்கு நான்கு பேர். எட்டாவது ஆள் அவரேதான்.

"தாயே, உங்க புருஷனோட அண்ணன் வேற மாதிரி சொல்லியிருக்காரு. தம்பி செத்தும் ஜெயிக்கணுமாம். எதிராளிங்க மட்டை பிந்தித்தான் எழும்பணுமாம்."

"அவர் சொன்னது கிடக்கட்டும். இந்த எதிராளி என்ன, கல்யாண ஊர்வலத்துல போற மாதிரி நிமிர்ந்து உக்காந்திருக்கான்? குதிரைப் பிடரியில இவன் காது உரச வேண்டாமா?"

பேசிக்கொண்டே சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஈரக் களிமண் வீரனின் முதுகை அவளே வளைத்தாள். துவானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் சூளைக்கும் நடந்தான். சந்தையில் நண்பகல் முரசு கேட்டதும் அந்த அண்ணன் வந்துவிடுவார். அரசவை அதிகாரி. உருவங்களைப் பார்த்தால் சூளையையே இடித்துப் போடுவார்.

"என் பொழைப்புல மண்ணைப் போடாதீங்கம்மா. பத்து பேர் இந்தச் சூளையை நம்பிச் சாப்பிடறோம்."

"அவர் வர்றதுக்குள்ள சூளையில ஏத்திடு. நெருப்பு மூட்டினப்புறம் யார் திறந்து பார்க்கப் போறாங்க?"

அடுத்தவனின் மட்டையை அவள் உயர்த்தினாள். மூன்றாமவன் குதிரையின் கழுத்தை நீட்டிவிட்டாள். விரல்கள் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

"அவரு தோத்ததே இல்லைன்னு ஊரே சொல்லுதே!"

"ஒரே ஒரு தடவை தோத்தாரு. பதினோரு வருஷம் ஆச்சு. பேரி மரம் பூத்திருந்த சமயம். அன்னைக்குச் சுடச்சுட எள்ளு ரொட்டி சாப்பிட்டோம். அதுகூட எனக்கு ஞாபகம் இருக்கு."

அடிப்பாவி, என்று துவான் மனதுக்குள் சொல்லிக்கொண்டான். புருஷன் தோற்ற நாளைப் பண்டிகை மாதிரி நினைவில் வைத்திருக்கும் பெண்ணை அவன் பார்த்ததே இல்லை.

மேற்குச் சந்தையில் நண்பகல் முரசு அதிரத் தொடங்கியது. வேறு வழியில்லாமல் ஏழு உருவங்களையும் சூளைக்குள் அடுக்கி, அதன் வாயை மூடி, ஈர மண் வெடிக்காதபடி இளந்தீ மூட்டினான். கோபம் அடக்க முடியாமல் வாய்விட்டே கேட்டுவிட்டான்.

"செத்த மனுஷன் மேல இவ்வளவு வன்மமாம்மா? அப்படி என்ன பண்ணிட்டாரு?"

கையிலிருந்த களிமண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த சீமாட்டியின் கண்கள் நிறைந்துவிட்டன.

"ஜெயிச்சா கூட்டாளிங்களோட விருந்துக்குப் போயிடுவாரு, துவான். தோத்தா மட்டும்தான் நேரா வீட்டுக்கு வருவாரு."