வாயைத் திறக்காத அணில்

"மேடம், அது மலை அணில்தான். கம்ப்யூட்டர் அடிச்சுச் சொல்லுது!" பாண்டிசெல்வி போனில் கெஞ்சினாள்.

"கம்ப்யூட்டர் சொல்லட்டும்மா. நீ கண்ணால பாத்தியா?"

கேட்டது அவளுடைய ஆராய்ச்சி கைடு வெங்கடேஸ்வரி. பாண்டிசெல்விக்கு எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல், கடைசி செமஸ்டர். காட்டில் வாழும் பெரிய மலை அணில் தோப்புக்கும் வருகிறதா என்பதுதான் ஆராய்ச்சி.

அதற்காக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்து மாந்தோப்பு ஒன்றில் ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டியிருந்தாள். பதிவான சத்தங்களில் அணிலின் குரல் எது என்று அவள் எழுதிய புரோகிராம் பிரித்துச் சொல்லும். ராஜபாளையத்திலிருந்து வாராவாரம் பஸ்ஸில் வந்து மெமரி கார்டை மாற்றிக்கொண்டு போவாள்.

முதல் மாதம் ஒரு குரல்கூட இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து அழுதேவிட்டாள். அதற்கப்புறம் பார்த்தால் தினமும் குரல், கார்டு நிறையக் குரல்!

சந்தோஷம் நாலு நாள்கூட நிலைக்கவில்லை. தோப்பு முழுக்கத் தேடியும் ஒரு கூடு இல்லை, கடித்துப் போட்ட காய் இல்லை. அவள் காத்துக் கிடக்கும் நாளில் மட்டும் அந்தப் பாழாய்ப்போன அணில் வாயைத் திறக்காது.

ஏதாவது பறவையின் குரலோ? புரோகிராமைப் பிரித்து மேய்ந்தாள். அது மறுபடியும் அணில் என்றே சாதித்தது. அவளுக்கு லேப்டாப்பைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் போலிருந்தது.

"அணில் இல்லேன்னாலும் அது ரிசல்ட்தாம்மா, தாராளமா எழுதலாம். இருக்கா இல்லையான்னே தெரியலேன்னா என்னத்த எழுதுவ? அந்தத் தோப்பை விட்டுட்டு வேற எடம் பாரு" என்று மேடம் போனை வைத்தார்.

மூன்று மாத உழைப்பும் போச்சு. தோப்பில் நின்று பேசிக்கொண்டிருந்த பாண்டிசெல்வி ஆத்திரத்தோடு மரத்தில் ஏறிக் கருவியின் கட்டை அவிழ்த்தாள்.

தோப்புக் காவல்காரர் பால்ச்சாமி ஓடி வந்தார். கிளி விரட்டியே கட்டிப்போன தொண்டை. கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தார்.

"என்ன தாயி, மிஷினைக் கழட்டுற?"

"இங்க இனிமே வேண்டாம் அண்ணாச்சி. வேற தோப்புல கட்டப் போறேன்."

"ஏன், சத்தம் விழலையா? மொத நாளு போன்ல போட்டுக் காட்டி, இதைக் கேட்டிருக்கீகளான்னியே, அந்த அணில் சத்தம்?"

"அதெல்லாம் எம்புட்டோ விழுந்துச்சு. அதான் இப்பப் பிரச்சினையே!"

பால்ச்சாமியின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வலித்த தொண்டையைத் தடவிக்கொண்டே மெல்லக் கேட்டார்.

"அப்ப நாளையிலேருந்து நான் கத்த வேண்டாமா தாயி?"