கடைசித் தபால் ஓட்டு

வாக்கு எண்ணும் கட்டடத்தின் வராந்தாவில் இருப்புக் கொள்ளாமல் நடந்தபடியே, எல்லையில் ராணுவ வேலையில் இருக்கும் கணவனிடம் அவள் போனில் பேசினாள்.

"கவருக்குள்ள கவர் வெச்சு ஒட்டினீங்கல்ல? உறுதிமொழியில மேலதிகாரி கையெழுத்து வாங்கினீங்களா?"

"எல்லாம் ஆச்சும்மா. எத்தனை தடவை கேப்பே?"

"இங்க நிலவரம் மாறிக்கிட்டே இருக்குங்க. ஒரு சுத்துல முன்னாடி, மறு சுத்துல பின்னாடி."

"என் ஓட்டை மட்டும் பார்த்தேன்னு வை, நீ அப்படியே உருகிடுவே."

உள்ளே கூப்பிட்டார்கள். போனை அணைத்துவிட்டு ஓடினாள்.

நாற்காலிச் சின்னத்தைவிட குடைச் சின்னம் ஒரே ஒரு ஓட்டு பின்தங்கியிருந்தது. மிச்சம் இருந்ததும் ஒரே ஒரு தபால் ஓட்டு. அதிகாரி அதைப் பிரித்து எல்லோருக்கும் காட்டினார். குடைக்கு நேராகத் தெளிவான குறி. அதன் கீழே நீல மையில் ஒரு வரி: 'ஜெயிச்சிட்டு வாடி, குண்டம்மா.'

"ஓட்டுச் சீட்டுல ஒரு எழுத்து இருந்தாலும் செல்லாது" என்று அதிகாரி அதை ஒதுக்கி வைத்தார்.

"யாருப்பா அந்தக் குண்டம்மா?" என்று ஒரு ஏஜென்ட் சிரித்தார்.

குடைச் சின்னத்தின் வேட்பாளர் மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"நான்தாங்க."