மூடி இன்ஸ்பெக்டர்

"இன்னிக்கும் சர்க்கரை டப்பா மூடி சும்மாதான் உட்கார்ந்திருக்கு. எறும்புக்கு அழைப்பிதழ் அடிச்சுக் கொடுத்தீங்களா?"

அடுப்படியில் இருந்து டீச்சர் குரல் கொடுத்தார். வீட்டுக்காரர் வழக்கம்போலத் தலையைச் சொறிந்தார்.

"மறந்துட்டேம்மா."

இதைத்தான் டீச்சரால் ஜீரணிக்கவே முடியவில்லை. மருந்து கம்பெனியில் அந்த மனுஷனுக்கு வேலையே, பாட்டில் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று சோதிப்பதுதான். இருபது வருஷத்தில் ஒரு பாட்டில் ஒழுகியதாகப் புகார் வந்ததில்லை. வீட்டிலோ காபித்தூள், எண்ணெய், பற்பசை எதற்கும் மூடி உருப்படியாக இருக்காது. குழாய்கூடச் சொட்டிக்கொண்டே இருக்கும். டீச்சர் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'மூடி இன்ஸ்பெக்டர்'. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிச் சிரிக்காத நாளில்லை.

அன்றைக்கு டீச்சருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். பயிற்சி வகுப்பு என்று வீட்டில் புளுகிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். ரொம்ப நாளாகவே காலையில் எழுந்தால் விரல்கள் வீங்கி விறைத்துக்கொண்டு நிற்கின்றன. மத்தியானத்துக்குள் சரியாகிவிடும். நாளைக்குச் சாக்பீஸே பிடிக்க முடியாமல் போனால் வேலை என்ன ஆவது? வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. டீச்சர் தும்மினாலே தூக்கம் கெடுகிற ஆள் அவர்.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார்.

"உங்க ரத்தத்துல ஒரு மரபணு அடையாளம் இருக்கு. பிறவியிலேயே வந்தது. அது இருக்கிற எல்லாருக்கும் மூட்டு வீக்கம் வந்துடாது. உங்களுக்கு வந்திருக்கிறதும் லேசானதுதான். ஏன் வந்துச்சு, என்ன நோய்னு இப்போதைக்குப் பேர் சொல்ல முடியலை. மாத்திரையும் உடற்பயிற்சியும் போதும். தாராளமா பாடம் நடத்துங்க."

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பேர் வைக்காமலே இவ்வளவு நாள் வளர்த்திருக்கேன் டாக்டர்" என்றார். டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார்.

வெளியே நர்ஸ் ஒரு படிவத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டுல உதவிக்கு ஆள் இருக்காங்களா?"

"இல்லை. விஷயமே யாருக்கும் தெரியாது."

நர்ஸ் 'இல்லை' என்று எழுதிக்கொண்டாள். காலையில் பட்டன் போட வருகிறதா என்று கேட்டாள். கஷ்டம். சீப்புப் பிடிக்க? கஷ்டம். குழாயைத் திருக? டப்பா மூடி திறக்க?

"அதுல ஒரு கஷ்டமும் இல்லை."

நர்ஸ் அவருடைய விரல்களைப் பார்த்தாள். "பட்டன் போட முடியலை, மூடி மட்டும் எப்படிக்கா திறக்கிறீங்க?"

"எங்க வீட்டுக்காரர் எதையும் இறுக்கி மூடினாத்தானே. தொட்டாலே கையோட வந்துடும்."

"ஆரம்பத்துல இருந்தே அப்படித்தானா?"

"சேச்சே. முன்னெல்லாம் அவர் மூடினா திறக்கிறதுக்கு அவரே வரணும். இந்த ஒரு வருஷமாத்தான்..."

டீச்சர் பாதியில் நிறுத்தினார்.

"விரல் வலி எப்போ இருந்து?"

"ஒரு வருஷமா."

டீச்சருக்குக் கண் கலங்கியது, கூடவே சிரிப்பும் வந்தது. பையைத் துழாவி விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவை எடுத்தார். அதன் மூடியும் தொட்டதுமே கழன்று வந்தது.

"முதல் கேள்விக்கு நான் சொன்ன விடை தப்பு சிஸ்டர்."

படிவத்தை வாங்கி, 'இல்லை' என்பதை அடித்துவிட்டு, வலிக்கிற விரலால் அழுத்தி எழுதினார்: 'இருக்கார்.'