காற்றைத் தேடிய இருவர்

ஒரு மலைச்சரிவில் எஞ்சின் இல்லாத பொம்மை விமானம் ஒன்று பறந்துகொண்டிருந்தது. சரிவில் மோதி மேலே எழும்பும் காற்றுதான் அதைத் தாங்கியது. திசை சொல்வது மட்டும் மேட்டில் இருந்த ரிமோட்டின் வேலை.

மதியம் காற்று அடங்கத் தொடங்கியது. போன வாரம் பள்ளத்தில் விழுந்த வலியே விமானத்துக்கு இன்னும் போகவில்லை.

“அண்ணே, காத்தே இல்லண்ணே,” என்றது.

“அதோ ஒரு பருந்து வட்டமடிக்குது பாரு. அதுக்குத் தெரியாத காத்தா? பின்னாலேயே போ,” என்றது ரிமோட்.

விமானம் போனது. பருந்து சாய்ந்த பக்கமெல்லாம் தானும் சாய்ந்தது. ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தார்கள். ஏன் இறங்குகிறோம் என்று விவரம் தெரிந்தவரிடம் போய் எப்படிக் கேட்பது என்று விமானம் மரியாதையாகப் பின்னாலேயே சுற்றியது.

கடைசியில் இருவரும் ஒரே முட்புதரில் போய்ச் சிக்கினார்கள். விமானத்தின் வால் முறிந்தது.

“காத்து இருக்கிற இடம் உங்களுக்குத் தெரியும்னு நம்பித்தானேங்க பின்னால வந்தேன்?” என்றது விமானம்.

“நீங்க என் பின்னாலயா? இறக்கையை ஒரு தடவைகூட அடிக்காம பறக்கிறீங்களே, பெரிய ஆளுன்னு நெனச்சு நான்தான் உங்க பின்னால வந்தேன்,” என்றது பருந்து.

அப்போது மேலே போன காக்கை ஒன்று தன் துணையிடம் சொன்னது:

“ரெண்டு பேரும் விவரமானவங்க. சும்மாவா அங்க போய் உட்கார்ந்திருப்பாங்க? நீயும் இறங்கு.”

விமானம் முறிந்த வாலைப் பருந்தின் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தது.