இரண்டு கிலோ குத்தாப்

நாற்பத்தொரு நாட்களாக இனிப்பைத் தொடாத ஈரஜ், ஹாஜி நெமத்தின் இனிப்புக் கடையில் நின்று கண்ணை மூடி, பாதாம் அடைத்த குத்தாப் உருண்டைகளைத் தின்றுகொண்டிருந்தான். மீசையெல்லாம் சர்க்கரைப் பொடி. எதிர்ச்சாரியில், குங்குமப்பூக் கடை வாசலில் நின்றபடி அவன் மனைவி ஃபரங்கீஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார் டயரை மாற்றப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தவன் அவன்.

ஒரு நாளைக்கு எட்டு டீ குடிப்பான். ஒவ்வொன்றுக்கும் பல்லிடுக்கில் கடித்துக்கொள்ள ஒரு சர்க்கரை வில்லை வேண்டும். ஃபரங்கீஸுக்குப் பித்தப்பைக் கல் எடுத்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்றே வில்லைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். அதன் பிறகு வெறும் டீதான். தொப்பை கரைந்தது. போன் வந்தால் மொட்டைமாடிக்குப் போய்ப் பேசினான்.

"நாப்பத்தஞ்சு வயசுல ஒரு ஆம்பள சும்மா இளைக்க மாட்டான்டி," என்றாள் அக்கா சொரய்யா. "எவளோ இருக்கா."

ஃபரங்கீஸின் மனதிலும் ஒரு பட்டியல் இருந்தது. அக்காவுக்குக் கல் எடுத்தபோது ஆஸ்பத்திரியில் அதைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். அக்கா அதை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். இவளுடைய கல்லை ஈரஜ் வாங்கி வரவே மறந்துவிட்டான். மனைவி நினைப்பே இல்லாதவனுக்குக் கல் எங்கே நினைவிருக்கும்?

அவள் தெருவைக் கடந்து கடைக்குள் நுழைந்தாள். பன்னீரும் ஏலக்காயும் மூக்கில் ஏறின. கசகசா தூவிய அரிசி மாவு பிஸ்கட்டுகள், தொட்டாலே உதிர்கிற கடலை மாவுப் பூக்கள், பச்சைப் பிஸ்தா வில்லைகள். தட்டுகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"ரெண்டு கிலோ ஆச்சு. ரிப்பன் வேணுமா?" என்றார் ஹாஜி நெமத்.

"சிவப்பு ரிப்பன். முடிச்சு நல்லாப் பெருசா இருக்கட்டும் ஹாஜி."

"அப்படிப் போடு! பொண்ணு கேட்டுல்ல இப்படிக் கட்டிட்டுப் போவாங்க? உங்க வீட்டுல பையன் கிடையாதே?"

ஈரஜ் சிரித்தான். "அதவிடப் பெரிய விஷயம் ஹாஜி. நான் இதக் கொண்டுபோய்க் குடுக்கப்போறது ஆறு பொம்பளைங்களுக்கு."

"ஆறா? இங்க ஒண்ணையே சமாளிக்க முடியல!"

"அந்த ஆறு பேரு யாருன்னு எனக்கும் சொல்லேன்," என்றாள் ஃபரங்கீஸ்.

ஈரஜ் திரும்பினான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு நின்றுபோனது.

"நீயா? உன்ன படுத்திருக்கச் சொன்னேன்ல? இவ்வளவு தூரம் நடந்தா வந்த?"

"டயர் மாத்தியாச்சா?"

"வீட்டுக்குப் போய்ப் பேசுவோம், வா."

"இங்கயே சொல்லு. ஹாஜிக்குத் தெரியிற அளவுகூட எனக்குத் தெரியக்கூடாதா?"

ஹாஜி அவசரமாகக் கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்தார். அது அவர் கையில்தான் இருந்தது.

"நர்ஸுங்க," என்றான் ஈரஜ் மெதுவாக. "மூணாவது மாடியில உன்னப் பாத்துக்கிட்டவங்க."

"ஒரு கல்லு எடுத்ததுக்கு ரெண்டு கிலோ குத்தாப்பா? அதுவும் இத்தனை நாள் கழிச்சு? நான் முட்டாள் இல்ல, ஈரஜ். பெட்டி கட்டி வெச்சுட்டேன். அவ பேர மட்டும் சொல்லு, நான் மகளக் கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடறேன்."

"எவளும் இல்ல."

"அப்ப எவளுக்காக இனிப்ப விட்ட? எவளுக்காக இப்படி இளைச்ச?"

"நேந்துக்கிட்டேன். பதில் வர்ற வரைக்கும் வாயில இனிப்பு வைக்கிறதில்லன்னு."

"என்ன பதில்? யார்கிட்டேருந்து?"

ஈரஜ் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தான். அப்படியே அதை அவள் உள்ளங்கையில் வைத்து, இரண்டு கைகளாலும் மூடினான்.

"உனக்கு எடுத்தது கல்லு இல்ல, ஃபரங்கீஸ்... கேன்சர். இனி உன் உடம்புல எதுவும் இல்லைன்னு இப்பதான் ரிசல்ட் வந்துச்சு."