அசல் பாகங்கள்

முதலாளி வீட்டில் நின்ற பழைய கார், கார் கம்பெனி தன் வெள்ளிவிழாவுக்கென்று தனியாகச் செய்தது. அது எவ்வளவு அரிது என்று ஆராய வந்த பெண், இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் பார்த்து முடித்ததும் டிரைவர் ஆறுச்சாமியின் பக்கம் டார்ச்சைத் திருப்பினாள்.

"பல்லெல்லாம் சொந்தப் பல்லுங்களா?"

"பூராவும் என்ற சொந்தப் பல்லுத்தானுங்க." அவர் பெருமையாக வாயைத் திறந்து காட்டினார்.

மாலையே முடிவு வந்துவிட்டது. செய்த அறுபது வண்டிகளில் மிச்சம் நான்கு. அவற்றில் முதல் நாளிலிருந்து ஓட்டிய டிரைவரோடு இருப்பது இது ஒன்றுதான். மதிப்பு பத்து மடங்கு ஏறியது. சான்றிதழில் இன்ஜினுக்கும் இருக்கைகளுக்கும் கீழே ஆறுச்சாமியின் பெயரும் அசல் பாகமாகச் சேர்ந்தது. அவர் மனைவி வேலாத்தாள் அதைத் தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் அவர் கண்புரை ஆபரேஷனுக்கு லீவு கேட்டார். முதலாளி அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, தலையைச் சொறிந்தபடி வந்தார்.

"லென்ஸ் மாத்துனா நீ அசல் இல்லைன்னு ஆயிருமாமப்பா. விக்கிற வரைக்கும் பொறுத்துக்க. ஸ்டியரிங்கப் புடிச்சுட்டு சும்மா உக்காந்தாப் போதும்."

"வாங்கறவங்க மட்டும் மாத்த உடுவாங்களுங்களா?" என்று கூட வந்திருந்த வேலாத்தாள் கேட்டாள். முதலாளி காரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐப்பசியில் ஒருவர் வாங்க வந்தார். ஆறுச்சாமிக்கு ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அது காரைச் சுற்றி வந்தது, பெயிண்ட்டைத் தடவிப் பார்த்தது, பிறகு அவர் முன்னால் வந்து நின்றது.

யாரும் சொல்லாமலே அவர் வாயைத் திறந்தார்.